புதுப்பிப்பு: அது நீர்க்கட்டி இல்லையாம்

பல் துலக்கினாலே இடது கன்னத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி வலி, எம்.ஆர்.ஐ.யில் மண்டைக்குள் ‘அரக்னாய்டு நீர்க்கட்டி’ (மூளையுறையில் தண்ணீர் நிறைந்த பை) என்று முன்பு எழுதியிருந்தேன். அது எபிடெர்மாய்டு கட்டியாம், அதாவது உள்ளே சிக்கிய தோல் செல்களால் ஆன கட்டி. அது முகத்தின் உணர்வு நரம்பில் பட்டுத்தான் அந்த வலி.

சாதாரணப் படங்களில் இரண்டும் தண்ணீர் போலவே தெரியும். நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. படத்தில்தான் குட்டு உடைந்தது: நீர்க்கட்டி கறுப்பாக இருக்கும், என்னுடையது பளீர் வெள்ளை. உள்ளே முழுக்க கெரட்டின் (தோலிலும் நகத்திலும் உள்ள புரதம்) செதில்கள். முடி, எண்ணெய்ச் சுரப்பி இருந்திருந்தால் அது டெர்மாய்டு என்ற வேறு வகைக் கட்டி.

அறுவை சிகிச்சை ஆயிற்று. கட்டியின் உறையில் ஒரு துணுக்கு அந்த நரம்போடு ஒட்டியிருந்ததால் விட்டுவிட்டார்கள். பிடுங்கினால் முகம் மரத்துப்போகலாம், விட்டால் மெதுவாக வளரலாம். விட்டதே சரி என்பேன். உள்ளிருப்பது கசிந்தால் கிருமியே இல்லாமல் மூளையுறை அழற்சி வருமாம். அதற்காகக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு.

நேற்று பயமில்லாமல் பல் துலக்கினேன். அப்புறம், வருடாவருடம் ஸ்கேன் உண்டு.