கலைச்சொல்: ‘ஃப்யூயல் ட்ரிம்’ – திருத்தமா, ஈடா, நிரவலா?

வணக்கம்.

பழைய கார்களின் மைலேஜ் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘ஃப்யூயல் ட்ரிம்’ வந்தே தீரும். எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் விடவேண்டும் என்ற அட்டவணை எஞ்சின் கணினியில் இருக்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, அந்த அளவோடு கணினி கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்தான் ட்ரிம். நொடிக்கு நொடி மாறுவது ஒன்று, நாள்பட நினைவில் தங்குவது இன்னொன்று. ‘எரிபொருள் திருத்தம்’, அதில் ‘குறுங்காலம்’, ‘நெடுங்காலம்’ என்று வைக்கலாமா?

———

> ‘எரிபொருள் திருத்தம்’

ஐயா, செய்தித்தாள் படிப்பவருக்கு இது பெட்ரோல் விலைத் திருத்தமாகத்தான் தோன்றும்.

இன்னொரு சிக்கல், கூட்டல் குறி. ஸ்கேனரில் (எஞ்சின் கணினியைப் படிக்கும் கருவி) +18 என்று கண்டதும் ‘ரிச்சாக ஓடுகிறது’, அதாவது பெட்ரோல் மிகுதி என்று ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறு. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் சொன்னதால் கணினி 18 சதவீதம் கூட்டியிருக்கிறது. சொல்லைக் கேட்டதுமே இது விளங்கவேண்டும். ‘எரிபொருள் ஈடு’ என்பது என் பரிந்துரை. குறைந்ததை ஈடுகட்டுவது.

———

> ‘எரிபொருள் ஈடு’

+18க்கு ஈடு சரி. –12க்கு? குறைப்பதை யாரும் ஈடு என்று சொல்வதில்லை. (ஒரு ஈடு இட்லி என்று சமையலறையும் இந்தச் சொல்லை விடாது.)

‘நிரவல்’ இரண்டுக்கும் பொருந்தும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது நிரவுதல். ஆசிரியர் மிகுந்த பள்ளியிலிருந்து குறைந்த பள்ளிக்கு அனுப்புவதைப் ‘பணி நிரவல்’ என்று அரசாணையே சொல்கிறது. +18 என்றால் பள்ளம் நிரப்பப்பட்டது, –12 என்றால் மேடு வெட்டப்பட்டது.

‘நெடுங்கால’த்தையும் விட்டுவிடலாம். அதன் தன்மை காலம் அல்ல, நினைவில் பதிவது. பல கார்களில் பேட்டரியைக் கழற்றினாலே அழிந்துவிடும். ‘உடனடி நிரவல்’, ‘பதிந்த நிரவல்’ போதும்.

சொல் நிற்குமா என்று வேலையில் வைத்துப் பார்ப்போம். எஞ்சின் கணினியைப் படிக்க உதவும் இஎல்எம்327 அடாப்டரைச் செருகி, எஞ்சின் நன்கு சூடான பிறகு, ஐடிலிலும் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் நிலை) 2,500 ஆர்பிஎம்மிலும் இரண்டு நிரவலையும் கூட்டிப் படிக்கவேண்டும். 10ஐத் தாண்டினால், கூட்டலோ கழித்தலோ, தேடத் தொடங்கலாம். ஐடிலில் +18, 2,500இல் +4 என்றால் காற்றளவு சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. இன்டேக் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்து வெடிப்பு உண்டா என்று பாருங்கள். ஐடிலில் சரியாக இருந்து, மேடேறும்போது +20 என்றால் ஃப்யூயல் பம்ப் அல்லது ஃபில்டர். ஆனால் காற்றளவு சென்சாருக்குப் பதில் மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) உள்ள சிறிய கார்களில் அதே கசிவு நிரவலில் பெரிதாகத் தெரியாது, ஐடில் வேகம்தான் ஏறும்.

ஈ10 பெட்ரோலிலிருந்து (10 சதவீத எத்தனால் கலந்தது) ஈ20க்கு (20 சதவீதம்) வந்த பழைய காரில் +4 அளவுக்கு ஏறினால் அது பழுதல்ல. சரியான காற்று-எரிபொருள் விகிதம் ஏறத்தாழ 14.1இலிருந்து 13.5க்கு இறங்கியதன் கணக்கு அது.

உடனடி நிரவல் அசையாமல் 0இல் நின்றால் மகிழவேண்டாம். கணினி இன்னும் சென்சாரைக் கேட்கத் தொடங்கவில்லை. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) வெப்பத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் அரைமணி ஓடியும் 65 டிகிரியைத் தாண்டவில்லையென்றால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும். எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்து கணினி கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும்.

———

நிரவலுக்கு என் வாக்கு. ஒரு தடை மட்டும். ‘நிரவியாயிற்று’ என்றால் இப்போது சமமாக இருக்கிறது என்று பொருள்படுகிறதே? எக்சாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் (எஞ்சினோடு புகைக்குழாய் சேருமிடத்து அடைப்பு) கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று பொய் சொல்லும். கணினி அதை நம்பிக் கூட்டும். இல்லாத பள்ளத்தில் மண் கொட்டிய கதைதான். மைலேஜ் உண்மையில் விழுவது இங்கேதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக்-டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கும். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு இருக்கும். சென்சாரை மாற்றுமுன் அந்தக் கோட்டைத் தேடவேண்டும்.

———

சரியான தடை. வரையறையில் அடைத்துவிடலாம்:

எரிபொருள் நிரவல்: *ஆக்சிஜன் சென்சார் தெரிவித்தபடி*, அட்டவணை அளவோடு எஞ்சின் கணினி கூட்டும் (+) அல்லது குறைக்கும் (–) எரிபொருளின் சதவீதம். வகை: உடனடி, பதிந்த.

குறிப்பாக ஒரு வரியும் சேர்க்கிறேன்: நிரவல் 5க்குள் அசைந்தும் மைலேஜ் இல்லையென்றால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கவும்; பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதை எந்த ஸ்கேனரும் காட்டாது.