மகளின் தட்டணுக் குறைபாடு: அனுபவம் உள்ள பெற்றோரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 14 மாதங்களுக்கு முன், ஒன்பது வயதான என் மகளின் கணுக்கால்களில் அழுத்தினாலும் மறையாத, கடுகளவுச் சிவப்புப் புள்ளிகளைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்தபோது, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், 1,50,000க்குக் குறையாமல் இருக்க வேண்டியவை, 14,000 மட்டுமே இருந்தன. எதிர்ப்புப் புரதங்கள் ஒட்டிக்கொண்ட தட்டணுக்களை, அவை வாழவேண்டிய 7 முதல் 10 நாள்களுக்கு முன்பே மண்ணீரல் அழித்துவிடும் ஐ.டி.பி. என்னும் நோய் இது என்று மருத்துவர் விளக்கினார். டெங்கு இல்லை என்பது உறுதியானதால், பப்பாளி இலைச் சாறு பற்றிய ஆலோசனைகளைத் தவிர்க்க வேண்டுகிறேன்.

இந்த நோய்க்காக அவளுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கும்போதெல்லாம் தட்டணு எண்ணிக்கை இறங்கிவிடுவதால், தட்டணு உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ராம்போபேக் மாத்திரையைத் தொடங்க இருக்கிறார்கள். பால், தயிர் போன்றவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 4 மணி நேரம் பின்போ மட்டுமே அதைக் கொடுக்க வேண்டுமாம். தயிர்சாதம் இல்லாமல் உறங்காத குழந்தை அவள். பள்ளி நாள்களில் இந்த இடைவெளியை நீங்கள் எப்படிக் கடைப்பிடித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.