புதுப்பிப்பு: டாப் த்ரில் 2 ஒரு வழியாக ஓடியது
அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் கேளிக்கைப் பூங்காவில் இருக்கும் டாப் த்ரில் 2 ரோலர் கோஸ்டருக்கு எப்போது விடிவு காலம் என்று முன்பு புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. ஒஹாயோவில் 2024 மே மாதம் திறந்தார்கள், 128 மீட்டர் உயரம், மணிக்கு 193 கிலோமீட்டர் வேகம், ஆனால் ஒரு வாரம் சொச்சத்திலேயே ரயில்களில் கோளாறு என்று அந்தப் பருவம் முழுக்க மூடிவிட்டார்கள். 2025-இல்தான் மறுபடி ஓடியது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார்: "மூன்று ரயில் இருக்கே தம்பி, ஒன்றையாவது ஓட்டியிருக்கலாமே?" மூன்றும் ஒரே வடிவமைப்பு அண்ணே, ஒன்றில் உள்ள குறை மற்றதிலும் இருக்கும்.

அப்புறம் ஒரே ரயில் என்றால் வரிசை நகரவே நகராது. நம் கோலாலம்பூர் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் ரோலர் கோஸ்டரில் ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பாருங்கள், பணியாளர் ஒவ்வொரு தோள் தடுப்பையும் இழுத்துப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திய பிறகுதான் ரயில் கிளம்பும், அதுவரை தண்டவாளம் சும்மா கிடக்கும். இரண்டு ரயில் இருந்தால் ஒன்று ஏற்றும்போது இன்னொன்று ஓடும். ஆனால் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள், முன்னது ஒரு பகுதியைத் தாண்டியது என்று சென்சார் சொல்லாமல் பின்னது அதற்குள் நுழையாது.

சரி, எத்தனை ரயில் விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் விமான டிக்கெட் போடப்போகிறேன்.