இருபது பேர், ஒரு போர்வை: கூட்டாகக் குவில்ட் தைப்பவர்களின் அனுபவப் பகிர்வு (பேசுபவர்கள் பினாங்கில் உள்ள அவரவர் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

ஜார்ஜ்டவுன்:

வணக்கம். இருபது பேர் சேர்ந்து ஒரு ஒட்டுத்துணிக் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்காகத் தைக்கும் போர்வை) தைக்கும்போது மனத்தாங்கல் வருவது நிறத்தால் அல்ல, அளவால்தான். ஒருவர் கொண்டுவரும் பிளாக் (ஆளுக்கு ஒன்றாகத் தைக்கும் சதுரம்) 12¼ அங்குலம் இருக்கும், இன்னொருவருடையது 12¾. இணைக்க உட்காருபவர் ஒன்று இழுத்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் யாரிடமாவது "பிரித்துத் தையுங்கள்" என்று சொல்ல வேண்டும். இரண்டுமே சங்கடம். அளவைக் கறாராக முதலிலேயே பேசிவிட்டு, துணியையும் நிறத்தையும் அவரவர் விருப்பத்துக்கு விடுவதுதான் நல்லது.

எல்லாரும் துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித்தான் தையல் போடுகிறோம் என்று சொல்வார்கள். ஆனால் மெஷினுக்கு மெஷின் கால் அங்குலம் மாறும். அதற்கு ஒரு சோதனை உண்டு. 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, இஸ்திரி போட்டுவிட்டு நடுப்பட்டையை அளக்க வேண்டும். சரியாக 1 அங்குலம் இருந்தால் அந்த மெஷின் சரி. குறைந்தால் தையல் அகலம், கூடினால் தையல் குறுகல். ஊசியிலிருந்து சரியான தூரத்தில் மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நான்கைந்து அடுக்கு ஒட்டிவிட்டால் துணி அதில் முட்டி நேராக ஓடும். இஸ்திரியில் துணி மடியும் இடம் ஓர் இழை அகலத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகவே தைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். தையல் 1/16 அங்குலம் அகலமாகிவிட்டால், இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து ஒவ்வொரு தையலிலும் 1/8 அங்குலம் போய்விடும். குறுக்கே இரண்டு தையல் உள்ள பிளாக் கால் அங்குலம் சுருங்கும். ஒரு வரிசைக்கு நான்கு பிளாக் என்றால் வரிசையே 1 அங்குலம் குட்டை. பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் சேராது.

இன்னொன்று: எல்லாருக்கும் வெட்டுவது ஒருவராக இருக்கட்டும், ஒரே அளவுகோலாக இருக்கட்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவுகோலில் கோட்டின் தடிமன் மாறும்.

பட்டர்வொர்த்:

ஜார்ஜ்டவுன் அக்கா சொன்னது முற்றிலும் சரி. இருபது பேருக்கு ஏற்ற பிளாக் என்றால் நான் ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார் என்ற நான்கு முனை நட்சத்திர வடிவத்தைத்தான் சொல்வேன். ஒன்பது கட்டம், ஒரே ஒரு வகை முக்கோணம். புதிதாக வருபவரும் தைத்துவிடலாம்.

தைத்து முடிந்த பிளாக் 12 அங்குலம், தையல் இடத்தோடு 12½. நான்கு மூலைக்கும் பின்னணித் துணியில் 4½ அங்குலச் சதுரம் நான்கு, நடுவுக்கு 4½ அங்குலச் சதுரம் ஒன்று. முக்கோணங்களுக்குப் பின்னணியில் 5 அங்குலச் சதுரம் இரண்டு, நட்சத்திரத் துணியில் 5 அங்குலச் சதுரம் இரண்டு. ஒவ்வொரு ஜோடியையும் நல்ல பக்கம் நல்ல பக்கமாக வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு ஜோடியிலும் சேர்த்து நான்கு சதுரம் கிடைக்கும். அவை 4⅝ வரும். அளவுகோலின் 45 டிகிரிக் கோட்டைத் தையல் மேல் வைத்து 4½ ஆகச் சீவிவிட வேண்டும். புத்தகக் கணக்குப்படி 4⅞ போதும்தான். ஆனால் குழு வேலைக்கு 5 வெட்டிச் சீவுவதே நல்லது, ஆளுக்கு ஆள் மாறும் தையல் அங்கேயே சரியாகிவிடும். முழு பிளாக்கைப் பின்னால் சீவலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நட்சத்திர முனை பிளாக்கின் ஓரத்தைத் தொடுகிறது, சீவினால் முனை மழுங்கிவிடும்.

இஸ்திரி போடும் திசையையும் முதலிலேயே எழுதிக் கொடுங்கள். மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் தையலை மூலைச் சதுரம் பக்கம் சாய்க்கணும், நடு வரிசையில் நடுச் சதுரம் பக்கம். அப்போதுதான் வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு தையல் முகடும் எதிரெதிராக உட்காரும். விரலால் தடவினால் மேடு தட்டாமல் இடைவெளி இல்லாமல் பொருந்தியது தெரியும். ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் துணி பல மடிப்பாகி ஊசி திணறும், முனை விலகும்.

எல்லாருடைய நட்சத்திரமும் ஒரே திசையில் சுழல வேண்டும். ஒரு மாதிரி பிளாக்கைத் தைத்து, படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் யாராவது ஒருவர் எதிர்ப்பக்கம் சுழலும் நட்சத்திரம் தைத்து வருவார். இணைத்த பிறகு கண் நேராக அதில்தான் போய் நிற்கும்.

ஆயர் ஈத்தாம்:

துணி எவ்வளவு வாங்குவது என்று எல்லாரும் கேட்பதால்: 20 பிளாக், நான்கு பத்தி, ஐந்து வரிசை. இடையிலும் சுற்றிலும் 2 அங்குலப் பட்டை என்றால் முடிந்த அளவு 58க்கு 72 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் கரையைக் கழித்து 42 அங்குலம் என்று கணக்கிட்டால், பின்னணி 2 மீட்டர், நடுச் சதுரங்கள் அரை மீட்டர், இடைப்பட்டைக்கு 1¼ மீட்டர். பட்டைகள் 2½க்கு 12½ அளவில் 49, சந்திப்புச் சதுரங்கள் 2½ அளவில் 30. ஓரப்பட்டிக்கு 2½ அங்குல அகலத்தில் ஏழு பட்டை, அதற்கு அரை மீட்டர் போதும்.

பின்பக்கத் துணி மேல்பக்கத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக வேண்டும், அதாவது 66க்கு 80. பலர் நீளவாக்கில் இரண்டு துண்டு என்று யோசித்து 4½ மீட்டர் வாங்குவார்கள். குறுக்குவாக்கில் 66 அங்குலத் துண்டு இரண்டை இணைத்தால் 3¾ மீட்டரில் முடிந்துவிடும்.

பின்னணித் துணியை மட்டும் ஒரே தானில் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் அதே கடையில் அதே வெள்ளை கேட்டால் கொஞ்சம் மஞ்சளடித்த வெள்ளை கிடைக்கும்.

நட்சத்திரத்துக்கு ஆளுக்கு வேண்டியது 5க்கு 10 அங்குலம்தான். இதுதான் இந்த பிளாக்கின் அழகு. அம்மாவின் சுங்குடிச் சேலை முந்தானை, மகளின் முதல் பாவாடை, தெலுக் பாஹாங்கில் வாங்கிய பாத்தேக் (மெழுகுச் சாயத் துணி) சாரோங் கிழிந்து மிஞ்சிய துண்டு, எதிலிருந்தும் அந்தச் சிறு துண்டு எடுத்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் இவற்றின் கனமும் இழையும் ஒன்றல்ல. பழைய சேலை மெல்லிசு, இழைநேர் தவறினால் முக்கோணம் கோணிக்கொள்ளும். வெட்டுவதற்கு முன்பே பின்புறத்தில் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய இன்டர்ஃபேசிங் என்ற தாங்கு துணியைப் போட்டுவிட வேண்டும். பட்டுக்கும் அப்படியே. ஜரிகை வருகிற இடத்தைத் தவிர்ப்பது நல்லது. கட்டரின் பிளேடும் மெஷின் ஊசியும் மழுங்கும், பாலியெஸ்டர் ஜரிகை சூட்டில் சுருங்கும்.

பாத்தேக்கில் பருத்தியும் உண்டு, விஸ்கோஸும் உண்டு. கையில் பிடித்தால் குளுகுளுவென்று வழிவது பெரும்பாலும் விஸ்கோஸ், கிராஸில் (மூலைவாக்கில்) இழுத்தால் தொய்யும். நல்ல பருத்தி பாத்தேக் நெருக்கமான நெசவு. மெஷினில் 70 நம்பர் கூர் ஊசி போட்டால் சுகமாகத் தைக்கும், கையால் குவில்ட் தையல் போடுபவருக்குத்தான் விரல் வலிக்கும்.

பிறை:

சாயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! கூட்டுக் குவில்ட்டைக் கெடுப்பதில் முதல் இடம் அதற்குத்தான். ஒருவருடைய அரக்குச் சிவப்பு சாயம் விட்டால் பக்கத்துப் பிளாக்காரரின் வெள்ளையும் ரோஜா நிறமாகிவிடும்.

சோதனை எளிது. ஒரு சின்னத் துண்டை வெந்நீரில், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்போடு அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணி மேல் போட்டுக் காயவிடுங்கள். கறை இறங்கினால் அந்தத் துணி வேண்டாம், அல்லது தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். குளிர்ந்த நீரில் சோதித்துவிட்டுச் சரி என்று சொல்வதில் பயனில்லை. உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். பருத்தியில் ஏற்கெனவே ஏற்றிய சாயத்தை அவை பிடித்து வைப்பதில்லை.

முடித்த குவில்ட்டில் சாயம் பரவிவிட்டால் எக்காரணம் கொண்டும் காய விடாதீர்கள். பெரிய தொட்டி நிறையச் சுடுநீரில் சலவைத் திரவம் கலந்து, முழுவதும் மூழ்க இரவெல்லாம் வைத்து, தண்ணீர் தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் வந்துவிடும்.

நடுச் சதுரத்தில் தைத்தவர் அவரவர் கையெழுத்து வைக்க எந்தப் பேனா நல்லது? தமிழில் எழுதினால் எழுத்து அடைத்துக்கொள்கிறது என்கிறார்கள்.

பட்டர்வொர்த்:

பிறை தங்கச்சிக்கு: துணிக்கான பிக்மென்ட் மைப் பேனா, 0.5 முனை. அதைவிட மெல்லிய முனை நெசவில் சிக்கி எழுத்து உடையும். துணிக்கு அடியில் மெல்லிய உப்புத்தாள் ஒன்று வைத்துக்கொண்டால் துணி நகராது. தாளில் தடித்த கோடு போட்டு வெளிர் துணிக்கு அடியில் வைத்தால் வரி நேராக வரும். எழுத்து 1 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. ண, ஞ, இ மூன்றிலும் சுழி அடைத்துக்கொள்ளும். சதுரத்தின் விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் விட்டு உள்ளே எழுதுங்கள். மை காய்ந்த பிறகு ஆவி இல்லாத இஸ்திரி.

நூலில் பெயர் தைப்பவர்கள் எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்துப் பின்தையல் போடலாம். வளைவில் தையல் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் வட்டம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

நடுச் சதுரத்துக்குப் பின்னணி வெள்ளையையே வைக்காதீர்கள், நட்சத்திரம் நான்கு துண்டாகப் பிரிந்து தெரியும். வெளிர் மஞ்சள் அல்லது சந்தன நிறம் என்றால் பெயரும் தெரியும், வடிவமும் நிற்கும்.

ஜார்ஜ்டவுன்:

கையெழுத்து என்றதும் சாங்கி குவில்ட்டுகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபின் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் மூன்று குவில்ட் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரம், ஆளுக்கொரு சதுரம் தைத்துப் பெயரும் போட்டார்கள். பிரித்து வைக்கப்பட்டிருந்த கணவன்மாருக்கு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிவிக்க அந்தப் பெயர்கள் வழியாயின. காயமடைந்த ஜப்பானியச் சிப்பாய்களுக்கு என்று ஒன்றைத் தைத்ததால் மற்ற இரண்டும் வெளியே போக வழி பிறந்தது. இப்போது இரண்டு குவில்ட் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பெயர் எழுதும்போது அவசரப்படாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். துணியில் பெயர் இருந்ததால்தான் அந்தப் பெண்கள் யார் யார் என்று இன்றும் தெரிகிறது.

சரி, இணைப்புக்கு வருவோம். மேல்பக்கம், நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு விரிப்பு, பின்பக்கம் என்ற மூன்று அடுக்கையும் சேர்க்க ஒரு வீட்டுத் தரை போதாது. மண்டபத்தில் நீள மேசை இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். பின்பக்கத் துணியை நல்ல பக்கம் கீழாக விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்ட வேண்டும். சுருக்கம் இல்லாத அளவுக்கு இழுத்தால் போதும். முரசுத் தோல்போல் விறைக்க இழுத்தால் டேப் எடுத்ததும் அது சுருங்கி, பின்னால் மடிப்பு மடிப்பாக விழும். நடுவில் வைக்கும் பேட்டிங் நம் ஊர் வெக்கைக்கு மெல்லிய பருத்தி போதும், பாலியெஸ்டரைப் போர்த்தினால் வேர்த்துக் கொட்டும். சிலர் ஃபிளானல் துணியையே வைக்கிறார்கள், இலேசாக நன்றாகத்தான் இருக்கிறது.

அடுக்குகள் நகராமல் இருக்க வளைந்த ஊக்கு 4 அங்குலத்துக்கு ஒன்று, நடுவிலிருந்து வெளியே குத்துங்கள். 58க்கு 72 என்றால் 260 ஊக்காவது வேண்டும். பெட்டியில் இருப்பதை எண்ணிவிட்டு உட்காருங்கள், பாதியில் தீர்ந்துபோனால் இடைவெளியைக் கூட்டத் தோன்றும்.

முதலில் இடைப்பட்டை ஓரமாக வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் கீழ்த் துணியோடு சேர்த்து நகர்த்தும் மெஷின் பாதம்) போட்டு மெஷினில் நீளத் தையல், பிறகு அவரவர் நட்சத்திரத்தைச் சுற்றி அவரவர் கையால். சாதாரண ஃபுட்டில் மேல் துணி மட்டும் முன்னே தள்ளிப்போய் வரிசைக் கடைசியில் சுருக்கு விழும்.

ஆயர் ஈத்தாம்:

ஊக்கு குத்திய குவில்ட்டை அடுத்த கூட்டம் வரை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். இந்த ஈரத்தில் ஊக்கு துருப்பிடித்தால் கறை போகவே போகாது, துணியில் பூஞ்சையும் பூக்கும். பருத்தித் தலையணை உறையில் போட்டு வையுங்கள்.

பிறை:

சூட்டில் மறையும் பேனாவால் கோடு போடுபவர்களுக்கு ஒன்று சொல்லணும். இஸ்திரி பட்டதும் கோடு மறையும், ஆனால் மை துணியிலேயேதான் இருக்கிறது. நம் ஊரில் தெரியாது. பரிசாக வெளிநாட்டுக்கு அனுப்பி, கடுங்குளிரில் உறைநிலைக்குக் கீழே போனால் கோடெல்லாம் திரும்ப வந்துவிடும். வெளியூருக்குப் போகும் குவில்ட் என்றால் நீரில் கரையும் பேனா. அதற்கு நேர்மாறான விதி: தண்ணீரில் அலசி எடுப்பதற்கு முன் இஸ்திரி படவே கூடாது, பட்டால் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். ஒரே குவில்ட்டில் ஒருவர் இந்தப் பேனா, ஒருவர் அந்தப் பேனா என்றால் யார் எதில் கோடு போட்டார் என்று கடைசியில் தெரியாது. குழுவின் பையில் ஒரே வகைப் பேனா மட்டும் இருக்கட்டும்.