சிமேக்: ராஸ்பெரி பைக்கு லிங்க் ஆக மறுக்கிறது

கேள்வி: உபுண்டு லேப்டாப்பிலிருந்தே 64 பிட் ராஸ்பெரி பைக்கு (ஆர்ம் சிப் உள்ள குட்டி கம்ப்யூட்டர்) ஒரு ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை சிமேக் (பில்ட் வேலையை நடத்தும் டூல்) வைத்து கம்பைல் செய்கிறேன், எந்த கம்பைலர் என்று சிமேக்குக்குச் சொல்லும் டூல்செயின் ஃபைலில் ஆர்ம் ஜிசிசி கம்பைலரைக் கொடுத்தாயிற்று, எல்லாம் ஒழுங்காக ஓடி கடைசியில் லிங்க் செய்யும்போது (கம்பைலான துண்டுகளை லைப்ரரிகளோடு இணைக்கும்போது) 'ஃபைல் இன் ராங் ஃபார்மட்' என்று நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் லேப்டாப்பின் லைப்ரரியையே சிமேக் எடுத்திருக்கும்; அது வேறு வகை சிப்புக்கானது. ராஸ்பெரி பையிலுள்ள லைப்ரரி, ஹெடர்களை ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து, டூல்செயின் ஃபைலில் அதை சிஸ்ரூட்டாக (பையின் ரூட் ஃபோல்டருக்குப் பதிலாக) காட்டுங்கள். அப்புறம் எதை எங்கே தேடுவது என்று சொல்லும் ஃபைண்ட் ரூட் பாத் மோடில் லைப்ரரி, இன்க்ளூட் இரண்டுக்கும் 'ஒன்லி' (அந்த ஃபோல்டரில் மட்டும்), புரோகிராமுக்கு மட்டும் 'நெவர்' (அங்கே தேடவே வேண்டாம்) என்று போடுங்கள்.

கேட்டவர்: மாற்றினேன், அதே எரர்.

இன்னொருவர்: பில்ட் ஃபோல்டரை அழித்தீர்களா? முதல் தடவை கண்டுபிடித்த பாதையை சிமேக் அங்கே கேஷில் சேமித்து வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. நானும் ஒரு நாள் முழுக்க இதில் மண்டையை உடைத்துக்கொண்டவன்தான்.

கேட்டவர்: அட, சரியாகிவிட்டது! உருவான புரோகிராம் மேல் 'ஃபைல்' கமாண்ட் போட்டால் ஏஆர்ச்64 (64 பிட் ஆர்ம்) என்று காட்டுகிறது. நன்றி.