வீட்டை ஒப்படைக்கும் முன் நாங்கள் செய்தவை

கிளிநொச்சியில் மூன்று வருடம் இருந்த மேல்மாடி வீட்டைப் போன மாதம் ஒப்படைத்துவிட்டு, இடமாற்றத்தில் யாழ்ப்பாணம் வந்துவிட்டோம். கொடுத்திருந்த முற்பணம் ஒன்றரை இலட்சம் ரூபாய், ஆறு மாத வாடகை. அதைத் திரும்ப வாங்கிய விதத்தை எழுதுகிறேன். வீடு மாறப்போகிற யாருக்காவது உதவட்டும்.

இதற்கு முன் வவுனியாவில் இருந்த வீட்டில் நாற்பதாயிரம் ரூபாயை விட்டுவிட்டு வந்தவள் நான். கை கழுவும் பேசினில் ஒரு வெடிப்பு. நாங்கள் குடிவந்த நாளிலேயே அது இருந்தது. "உங்கட காலத்திலதான் வெடிச்சது" என்று வீட்டுக்காரர் சொன்னபோது, இல்லை என்று காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்கி வைத்த காசு அது. இப்படியான பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது என்று அலுவலகத்து அண்ணை ஒருவர் பிறகு சொன்னார். போயிருந்தாலும் கையில் என்ன வைத்துக் கதைத்திருப்பேன்?

அதனால் கிளிநொச்சி வீட்டில் லொறியில் இருந்து சாமான் இறக்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்தேன். உடைந்த ஆளி, கறையான் அரித்த கதவு நிலை, கசிகிற பைப் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, கரண்ட் மீற்றர் எண்ணையும் திறப்புகளின் எண்ணிக்கையையும் கீழே போட்டு, வீட்டுக்கார ஐயாவும் நானும் கையெழுத்து வைத்தோம். "பிள்ளை, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். "உங்களுக்கும் நல்லது ஐயா" என்றேன்.

வெளிக்கிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே அவரிடம் சொல்லிவிட்டோம். இது முக்கியம். எங்கள் பக்கத்தில் பலர் முற்பணத்தை வாங்கிக் கிணறு கட்டவோ அறை போடவோ செலவழித்துவிடுவார்கள். திடீரென்று கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

இனித் துப்புரவு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பைப் வாயெல்லாம் வெள்ளையாக இறுகிப் படிந்திருந்தது. சுரண்டினால் நிக்கல் பூச்சு கிளம்பிவிடும். பழைய துணியை வினாகிரியில் நனைத்துப் பைப்பில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் நகத்தால் தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. ஆனால் வினாகிரியோ அசிட்டோ விறாந்தையின் சிவப்புச் சீமெந்து நிலத்தில் படக்கூடாது, சீமெந்தையே அரித்துவிடும். கழிப்பறை கழுவும் அசிட்டோடு, கிணற்றுக்குப் போட வாங்கிய குளோரின் தூளை ஒருநாளும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

என்னை அதிகம் பாடுபடுத்தியது சாமித்தட்டுக்கு மேலே இருந்த சுவர். மூன்று வருட விளக்குப் புகை. முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். கரி இழுபட்டு இன்னும் பெரிதாகப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரிக் கோதுமை மாவை இறுக்கமாகக் குழைத்து ஒரு உருண்டை தந்தார். சுவரில் ஈரம் காய்ந்த பிறகு அந்த உருண்டையை அதில் ஒற்றி ஒற்றி எடுத்தேன். வெள்ளை உருண்டை கறுத்துப்போக, திருப்பிக் குழைத்து மறுபடி ஒற்றினேன். முக்கால்வாசிக் கரி அதோடு வந்துவிட்டது. மிச்சத்துக்குப் பெயின்ற். ஆணி ஓட்டைகளைப் புட்டியால் அடைத்து அரத்தாளால் தேய்த்தோம். பூசும்போது ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும், பழைய நிறம் வெளிறியிருக்கும். ஒரு மூலையில் இருந்து அடுத்த மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் பூச வேண்டும்.

சாமான் ஏற்றுவதற்கு முதல் நாள் ஐயாவைக் கூப்பிட்டு, கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் அறை அறையாகப் போனோம். குசினிக் கதவு நிலையைப் பார்த்து, "இது கறையான் அரிச்சுப் போச்சே" என்றார். படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம் பிள்ளை, நான்தான் மறந்துட்டன்" என்றார். யன்னல் நுளம்பு வலை எங்கள் மகன் கிழித்தது. அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கழிக்கச் சொல்லி நானே சொன்னேன். மீற்றரைப் படம் எடுத்து, கடைசி மின்பட்டியலுக்கான காசையும் திறப்பு ஐந்தையும் அங்கேயே கொடுத்தேன்.

எண்பதாயிரம் அன்றே தந்தார். மீதி அறுபத்தேழாயிரத்து ஐந்நூறை இரண்டு கிழமையில் தருவதாக அதே கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். பதின்மூன்றாம் நாள் காசு வங்கிக்கு வந்தது. உடனே அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.