மலாயா அவசரகாலம்: கிளர்ச்சியை ஒடுக்கியது டெம்ப்ளரா, அரிசிக் கட்டுப்பாடா?

கித்தாக்காடு:
1948இல் மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்ட்கள் கிளர்ச்சி செய்தார்கள்; ஹைகமிஷனராக (பிரிட்டிஷ் ஆட்சித் தலைவராக) டெம்ப்ளர் வந்தார், கிளர்ச்சி படுத்தது என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்கிறோம். தேதி இடிக்கிறதே. காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரர்களுக்குச் சாப்பாடு போகாமல் இருக்க, காட்டோரச் சீனக் குடியானவர்களைக் கம்பிவேலிக்குள் கொண்டுவரும் பிரிக்ஸ் திட்டம் 1950இலேயே தொடங்கிவிட்டது. அப்போது ஹைகமிஷனர் ஹென்றி கர்னி. சுமார் 5 லட்சம் பேரில் பெரும்பகுதியை, டெம்ப்ளர் 1952 பிப்ரவரியில் வருமுன்பே புதுக்கிராமங்களுக்கு நகர்த்தியாகிவிட்டது. 1951 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சியே ஆட்களுக்கு உத்தரவு போட்டது: ஐசி (அடையாள அட்டை) பறிக்காதே, ரப்பர் மரத்தை வெட்டாதே, ரயிலைக் கவிழ்க்காதே. வயிறு காயாமல் அப்படி இறங்கி வருவார்களா? அதே மாதம் 6ஆம் தேதி ஃபிரேசர் மலைச் சாலையில் கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால் பெயர் அடுத்தவருக்குப் போனது.

பத்துமலை ராசு:
அண்ணே, வேலி நட்டதோடு வேலை முடிந்ததா? விளக்கும் காவலும் இல்லாத வேலியில் ராத்திரி ஓட்டை போட்டு அரிசி வெளியே போகும். போலீசைச் சலித்துப் பயிற்சி கொடுத்தவர் ஆர்தர் யங். அது டெம்ப்ளர் காலம். ஊர்க்காவல் படையை நம்பித் துப்பாக்கி கொடுத்ததும் டெம்ப்ளர்தான். ஊரோடு பிடித்து நாடுகடத்த கர்னி கொண்டுவந்த 17டி விதியை 1953இல் நீக்கினார். குடியுரிமையும் 1952இல் விரிந்தது. இதெல்லாம் கணக்கில் வராதா?

கித்தாக்காடு:
வரும். தஞ்சோங் மாலிம் ஊரில் டெம்ப்ளர் செய்ததையும் சேர்த்து எழுதுங்கள். 1952 மார்ச்சில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கப் போனவர்கள் 12 பேர் கொல்லப்பட்டதும், ஊருக்கே 22 மணிநேர ஊரடங்கு, ரேஷன் அரிசி வெட்டு. வீட்டுக்கு வீடு கேள்வித்தாள். பதிலைப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். மக்கள் மனதை வென்றவர் என்று புகழப்படும் டெம்ப்ளர் செய்த வேலை இது!

கடைத்தெரு:
சண்டை இருக்கட்டும். உணவுக் கட்டுப்பாடு எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால்தான் விடை. டப்பா மீனோ பாலோ விற்றால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத் தர வேண்டும். காட்டுக்குள் புதைத்து வைத்தால் கெட்டுப்போகும். அரிசிதான் தலைவலி: பச்சரிசியோ புழுங்கலோ, ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அதனால் 1956 முதல் சில வட்டாரங்களில் அரிசியே கொடுக்காமல், பொதுச் சமையலில் வடித்துச் சோறாகவே கொடுத்தார்கள். நம் வெக்கையில் காலையில் வடித்த சோறு மறுநாள் நொசநொசத்துப் போகும். கடத்தி என்ன செய்ய? ஆக, கடைசி இறுக்கு கர்னியுடையதும் இல்லை, டெம்ப்ளருடையதும் இல்லை. அவர் 1954லேயே போய்விட்டார்.

பால்மரம்:
இதில் ரப்பர் தோட்டத்துத் தமிழர்களான நம் ஆட்கள் பட்ட பாட்டை யாரும் சொல்லவில்லை. சிதறிக் கிடந்த லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒன்றாக இழுத்து அவற்றுக்கும் வேலி. கதவு விடிந்தபின்தான் திறக்கும். இருட்டோடு பெரட்டு (ஆள்கணக்கு) முடித்து மரம் வெட்டினால்தான் ரப்பர் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் மரத்தில் அழுத்தம் குறைந்து பால் பிடிக்கும் மங்கு நிறையாது. கட்டுப்பாட்டு வட்டாரத்தில் வெளிக்காட்டுக்குச் சோற்றுத் தூக்கும் கொண்டுபோக முடியாது. கதவில் சோதனை வேறு.

பத்துமலை ராசு:
உண்மைதான். ஆனாலும் கட்சிக்காரர்கள் தோட்டத்தில் அரிசி கேட்டு மிரட்டியதும் நடந்தது. கொடுத்தால் அரசு பிடிக்கும், கொடுக்காவிட்டால் அவர்கள். கட்டுப்பாடு வந்தபின் 'என்னிடம் இல்லை' என்று சொல்லவாவது ஒரு காரணம் கிடைத்தது.

பால்மரம்:
கேட்கத் தொழிற்சங்கம் இருந்தால் அந்த நிலைமையே வந்திருக்காது, ராசு. அவசரகாலம் அறிவிக்குமுன்பே, 1948 ஜூனில், தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்திக் தொழிற்சங்கக் கூட்டமைப்பை முடக்கினார்கள். அதன் தலைவராக இருந்த கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். முந்தைய நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுடப்பட்டு இறந்தார். இந்த இரண்டு சாவும் கர்னி காலம். அவருக்குப் பெயர் கொடுப்பதென்றால் இதையும் அவர் பேரிலேயே எழுதுங்கள், கித்தாக்காடு அண்ணே.